மூன்று யூனிட்

மாதத்தின் முதல் வாரம்
செவ்வாய்ப்பேட்டையில் எனக்குப் பெயர் கிடையாது.
'கரெண்டுக்காரன் வந்திருக்கான்' என்பார்கள்.
காக்கியைக் கண்டு குரைக்கும் நாய்
கிட்ட வந்து முகர்ந்துவிட்டு,
தபால் இல்லையென்று திரும்பிவிடும்.

ஒரு முக்காலி, ஒரு பென்சில், நீள நோட்டு.
கண்ணாடிக்குப் பின்னால்
அலுமினியத் தட்டு ஒன்று படுத்தபடி சுற்றும்.
விளிம்பில் கறுப்புப் புள்ளி
போகும், வரும்.
டீசல் எஞ்சின் நின்று மேட்டூர்க் கரெண்டு வந்த பிறகு
'இது காவேரித் தண்ணிதானே,
தொட்டா ஏன் நனையல?' என்று
பட்டறைத் தெருப் பையன் ஒருவன் கேட்டான்.
நனையாது, தூக்கி எறியும் என்றேன்.

அரிசி மண்டி எல்லப்பச் செட்டியார்
நாற்பத்தொன்றைப் பார்த்துச் சண்டைக்கு வந்தார்:
'எண்ணெய்ன்னா அளந்து ஊத்துவே, கண்ணால பார்ப்பேன்.
இதை எந்தப் படியில அளந்தே?'
எனக்குத் தெரியவில்லை.
எஞ்சினியருக்குத் தெரியுமா என்றும் சந்தேகம்.

நர்ஸ் எஸ்தர் வீட்டில் ஒரே பல்பு.
சென்னைப் பரீட்சைக்குப் படிக்கிறாளாம்.
'ராத்திரி ரெண்டு மணிக்கும் அந்த ஜன்னல் மஞ்சளா இருக்கு'
எதிர்வீட்டுக்காரி புகார் சொன்னாள்,
வெளிச்சத்தின் நடத்தைக்கும்
நான்தான் ஜவாப் என்பதுபோல.

ஒருநாள் வக்கீல் வீட்டுக்குப் போக இருட்டிவிட்டது.
ரேடியோப் பெட்டியில் அப்பளம் பொரியும் சத்தம்,
அதற்குள்ளிருந்து ஒருத்தன் கத்துகிறான்,
பெருங்கூட்டம் சேர்ந்து கத்துகிறது.
என்ன பாஷையென்று தெரியவில்லை.
வக்கீல் திருகைத் திருப்பிக் கூட்டத்தை அடக்கிவிட்டுப்
பில் எவ்வளவு என்றார்.

குகையில் கொண்டப்பன் கூடம்.
இரண்டு குழித்தறிக்கு நடுவே
கயிற்றில் தொங்கும் நாற்பது வாட்.
காலை மிதியிலிருந்து எடுக்காமலே சொன்னான்:
'முன்னெல்லாம் இருட்டு வந்து
போதும்டா, எந்திரின்னு சொல்லும்.
இப்ப யார் சொல்றது?'
பதினெட்டு என்று எழுதினேன்.
அவன் கேட்டதற்கு நோட்டில் கட்டம் இல்லை.

அம்மாபேட்டைக்கு அப்பால்
பாதை சேரிக்கு இறங்கும் இடத்தில் கடைசிக் கம்பம்.
அதன் கீழ் ஈசல் பிடிக்கும் பிள்ளைகள்.
அந்தக் கம்பத்துக்கும்
அதற்கு முந்தைய நூற்றுப் பத்துக்கும்
குழி தோண்டியவன் சடையன்.
'எங்க பக்கம் எப்ப சாமி?'
எஸ்டிமேட் போயிருக்கு என்றேன்.
எந்த மேஜையில், எந்த இழுப்பறையில் என்று
எனக்கும் தெரியும். அவனுக்கும்.

கோட்டையில் ஒரு வீடு. பூஜ்யம்.
மகனுக்குப் பெண் கொடுக்க வருபவர்கள்
பார்க்க வேண்டுமென்று போட்ட இணைப்பு.
கல்யாணம் ஆயிற்று. சுவிட்சுக்குக் குங்குமம் வைத்து
அப்படியே விட்டுவிட்டார்கள்.
பதினோரு மாதம் பூஜ்யம், பூஜ்யமென்று
கண்ணாடியைப் பார்க்காமலே எழுதுமளவுக்கு
பழகியிருந்தேன்.

பன்னிரண்டாம் மாதம், மூன்று.

முக்காலியில் நின்றபடி கணக்குப் போட்டேன்.
நாற்பது வாட்டுக்கு எழுபத்தைந்து மணி நேரம்.
ஆறேழு ராத்திரி, விடிய விடிய.
குங்குமம் விரல்பட்டு அழிந்திருந்தது.
முற்றத்தில் ஒரு பாயைக் கழுவிச்
சுவரில் சாய்த்திருந்தார்கள்.
மருமகள் வந்தாள், காசு கொடுத்தாள்,
ரசீதைப் படிக்காமல் மடித்தாள்.
கேட்பதற்கு எனக்கு வாய் இருந்தது.
தட்டு அசையாமல் நின்றது,
புள்ளி எங்கோ பின்பக்கம்.

'பூஜ்யமா இருந்த வீடு, மீட்டர் கெட்டுப்போச்சோ?'
என்றார் எஞ்சினியர்.
மீட்டர் சரியாக இருக்கிறது சார்.

அரிசிப்பாளையத்தில் என் வீட்டுக்கு இன்னும் லைன் இல்லை.
வடக்கே ஏற்காட்டுப் பங்களா ஒன்றின் வெளிச்சம்
மலை இருட்டில் தெரிந்தது, பிறகு தெரியவில்லை.
அரிக்கேன் திரியை ஏற்றிவிட்டு
பேரேட்டில் எண்களை நகலெடுத்தேன்.
அந்த மூன்று மட்டும்
மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக விழுந்துவிட்டது.